பிரேக்கை மிதித்தால் வண்டி நடுங்குவது ஏன்?

பிரேக்கை மிதித்தவுடன் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. பெடலும் பாதத்தை விட்டுவிட்டுத் தள்ளுகிறது. கார் ஓட்டும் அன்பர்களுள் இந்த நடுக்கத்தை அறியாதவர் சிலரே. நம் பெங்களூரில் எந்தப் பட்டறைக்குச் சென்று இதைச் சொன்னாலும் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "டிஸ்க் பெண்ட் ஆகிதே, சார்!" கன்னடம், தமிழ், உருது என்று மொழி மாறுமேயன்றி விடை மாறுவதில்லை. விடையின் பின்னாலேயே விலையும் வரும். இரண்டு டிஸ்க்கு, ஒரு ஜோடிப் பேடு, கூலி என்று கொடுத்துவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நடுக்கம் நின்றுவிடுகிறது. ஐந்தாறு மாதங்கள் கழிகின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில், தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது, அது மறுபடியும் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர் இப்படித்தான் எழுதியிருக்கிறார். பதினைந்து மாதங்களில் இரண்டு தடவை டிஸ்க்கு மாற்றினாராம். "விற்ற சரக்குப் போலியா, மெக்கானிக் ஏமாற்றுகிறாரா, அல்லது என் ஓட்டுதலில்தான் குறையா?" என்பது அவர் கேள்வி. நடுக்கம் தாங்காமல் இரட்டைப் பாலத்துக்கு அருகே தம்மையறியாமல் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டதாகவும், முன்னே ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்ததாகவும் எழுதுகிறார். பின்னிருக்கையில் வயதான தாயாரும் இரு குழந்தைகளும் இருந்திருக்கிறார்கள். நடுக்கத்தால் பிரேக்கு அற்றுப்போவதில்லை. நடுங்குகிறதே என்று அஞ்சி ஓட்டுபவர் காலை எடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆகையால் இம்மாதப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அவருடைய டிஸ்க்கு வளைந்திருக்கவில்லை என்பதே என் எண்ணம். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டிய அந்த அரைமணி நேரத்தில் விட்டுப்போன ஒரு சிறு வேலைதான் அடுத்த நடுக்கத்தை விதைத்திருக்க வேண்டும்.

டிஸ்க்கு என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. அதன் இரு பக்கமும் இரண்டு பேடுகள் நிற்கின்றன. பெடலை மிதித்தால் காலிப்பர் என்னும் கவ்வி அவற்றை நெருக்கித் தட்டைப் பிடிக்கிறது. இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க்கு பிரேக்கு பூண்ட ஜாகுவார் வண்டி வென்ற பிறகே உலகம் அதனைப் பொருட்படுத்தியது. நம் நாட்டில் அம்பாஸடரும் பியட்டும் ஓடிய நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே வழக்கம். சென்னைப் பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பெற்றது. ஆயினும் நம் குடும்ப வண்டிகளின் முன்சக்கரத்தில் டிஸ்க்கு எங்கும் பரவியது மிகவும் பிற்பாடுதான். இன்றும் நம்மவர் வாங்கும் சிறிய கார்களில் முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்முமே பெரும்பாலும் இருக்கின்றன.

இத்தட்டின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருந்தால், தடித்த இடம் பேடுகளுக்கிடையே நுழையும்போதெல்லாம் பிடி இறுகும். மெலிந்த இடம் வரும்போது தளரும். இந்த இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வருவதே நம் கையில் நடுக்கமாகத் தெரிகிறது. சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் செல்லும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினொரு பன்னிரண்டு முறை சுழல்கிறது. அத்தனை உதைகள் ஒரு விநாடிக்குள் ஸ்டீயரிங்கை வந்து தாக்குகின்றன.

எவ்வளவு கன வேறுபாடு இருந்தால் இது தெரியும்? பல வண்டிகளில் 0.02 மில்லிமீட்டரே போதும். மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதனைக் கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ எவரும் சொல்லிவிட முடியாது. சக்கரத்தைக் கழற்றாமலே "பெண்டு" என்று சொல்பவர் அநுபவத்தால் ஊகிக்கிறார், அளந்து சொல்லவில்லை.

இனி, கனம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதைப் பார்ப்போம். நம் அன்பரின் துன்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

தட்டு, ஹப் என்னும் குடத்தின் முகத்தில் அமர்ந்திருக்கிறது. மழையும் சேறும் பட்டு அந்த முகத்தில் துரு ஏறுகிறது. பழைய தட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றியதும் துருவின் செதில்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தட்டை வைத்து இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு செதில் சிக்கியதென்று கொள்வோம். ஹப்பைவிடத் தட்டு அகலமாதலால், விளிம்பில் அந்தக் கோணல் 0.09 மில்லிமீட்டர் அளவுக்குப் பெருகிவிடும். தட்டு நேரானதுதான், ஆனால் சாய்ந்து அமர்ந்திருக்கிறது. சுழலும்போது இப்படியும் அப்படியும் ஆடும். இவ்வாட்டத்தை ரன்-அவுட் என்பார்கள். வண்டித் தயாரிப்பாளர்களிற் பலர் 0.1 மில்லிமீட்டருக்கு உட்பட்டே இதனை அநுமதிக்கிறார்கள், சிலர் 0.05-ஐத் தாண்டலாகாது என்கிறார்கள்.

முதல் நாள் இவ்வாட்டத்தால் நடுக்கம் ஏதும் தெரியாது. ஏனெனில் காலிப்பர் தட்டோடு சேர்ந்து சற்றே நகர்ந்து கொடுத்துவிடும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கிறார், நாமும் ஓட்டிப் பார்க்கிறோம், குறை ஒன்றுமில்லை. ஆனால் பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போதும், ஆடும் தட்டின் ஒரே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் இலேசாக உரசிக்கொண்டே செல்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட உரசல்கள்! அந்த இடம் சிறிது சிறிதாகத் தேய்ந்து மெலிகிறது. கனம் வேறுபட்ட பின்னரே நடுக்கம் பிறக்கிறது. வித்து விழுந்த நாளுக்கும் முளை தெரிந்த நாளுக்கும் இடையே பல மாதங்கள் சென்றுவிடுவதால், பட்டறையில் விட்டுப்போன வேலையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தட்டின் தரத்தையே பழிக்கிறோம். மறுபடியும் புதுத் தட்டு, மறுபடியும் அதே துரு.

இரண்டாவது காரணம் சூட்டினால் வருவது. பேடு தட்டில் உரசும்போது அதன் பொருளில் மிக மெல்லிய படலம் ஒன்று தட்டின்மேல் படிகிறது. அஃது ஒரே சீராகப் படிந்திருக்கும்வரை பிரேக்கு நன்றாகப் பிடிக்கும். தட்டு மிகச் சூடாயிருக்கும்போது வண்டியை நிறுத்தி, பெடலையும் அழுத்தியபடியே இருந்தால், பேடு நின்ற இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வரும் மேம்பாலச் சாலையை நினைத்துப் பாருங்கள். 2010-இல் திறந்த அந்தப் பத்துக் கிலோமீட்டரையும் விரைந்து கடந்து, இறங்கியவுடன் அழுத்திப் பிரேக்கிட்டு, சில்க் போர்டுச் சந்திப்பின் நெரிசலில் காலை எடுக்காமல் ஐந்து நிமிடம் நிற்கிறோம். பேடு தன் அச்சைத் தட்டில் பதிப்பதற்கு இதைவிட வசதியான இடத்தை ஒருவர் திட்டமிட்டுக் கட்டினாலும் கட்ட முடியாது. அத்தகைய இடங்களில் வண்டி நின்றதும் நியூட்ரலுக்கு மாற்றிக் கைப் பிரேக்கைப் போட்டுவிட்டு, கால் பிரேக்கை விட்டுவிடுவது நல்லது.

இப்படிவே பெரும்பாலான நடுக்கத்துக்குக் காரணம் என்றும், வளைந்த தட்டு என்பது வெறும் கட்டுக்கதை என்றும் காரல் ஸ்மித்து என்னும் அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் வாதிட்டு எழுதினார். அவர் 2003-இல் மறைந்தார். பந்தய வண்டிகளைப் பொறுத்தவரை அவர் கூற்றில் ஐயமில்லை. ஆனால் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் அலுவலகம் சென்று வரும் நம் வண்டிகளில், படிவைக் காட்டிலும் ஹப்பின் துருவும் நட்டுகளைக் கோணலாக இறுக்குவதுமே பெருங்குற்றவாளிகள் என்பது என் கருத்து. படிவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. அது படிந்த இடம் மற்ற இடத்தைவிட அதிகமாகச் சூடேறும். சூடு 650, 700 டிகிரியைத் தொட்டுவிட்டால் வார்ப்பிரும்பின் தன்மையே அவ்விடத்தில் மாறி, சிமென்டைட்டு என்னும் மிகக் கடினமான புள்ளிகள் தோன்றும். அவற்றைச் சீவி எடுத்தாலும் வேர் உள்ளே நிற்கும். சில வாரங்களில் நடுக்கம் திரும்பும்.

சூடு அவ்வளவு ஏறுமா என்று ஐயுறுவோர் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால், முன்தட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 டிகிரி சூடேறும். இது பெரிதன்று, காற்றுப் பட்டு ஆறிவிடும். ஆனால் உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வருகிறது. அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 75 தடவை நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் இஞ்சின் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். மேல் கியரிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குபவருக்கோ அத்தனையும் தட்டுகளின் தலையிலேதான். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று மலைச்சாலைப் பலகைகள் சொல்வது இதனால்தான். தொப்பூரில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருண்டுவரும் லாரிகளைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். சிறிய காருக்கும் அதே விதிதான். சூட்டில் பிரேக்கு எண்ணெய் கொதித்துப் பெடல் பஞ்சுபோல் இறங்கினால் அது நடுக்கத்தைவிடப் பன்மடங்கு கொடியது. அவ்வெண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, முன்னதாகவே கொதிக்கும் இயல்புடையது. மற்றொன்று: மலையிறங்கி முதலில் தென்படும் கோயில் வாசலில் நிறுத்தி, புகையும் சக்கரத்தின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. காய்ந்த வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் காணலாம். அரைமணி பொறுத்துக் கழுவுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு இரயிலில் சென்று, வண்டியை மாதக்கணக்கில் மழையில் நிறுத்திவிடுவோருக்கு வேறொரு வகை உண்டு. பேடு ஒட்டிநிற்கும் இடம் ஒரு விதமாகவும் மற்ற இடங்கள் வேறு விதமாகவும் துருப்பிடித்து, தட்டில் பேடின் உருவம் அப்படியே பதிந்துவிடும். இலேசான துரு நாலு தெரு ஓட்டினால் போய்விடும், ஆழமானது போகாது.

பட்டறைக்குச் செல்லுமுன் வீட்டுக்காரர் தாமே பார்க்கக்கூடியவை சில. முதலில் சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்த நட்டும் நடுக்கம் தரும். அதை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட ஓட்டலாகாது. பிறகு, நடுக்கம் பிரேக்கு மிதிக்காதபோதும் வருகிறதா? 80, 90 வேகத்தில் தானாகவே வந்து, வேகம் குறைந்தால் மறைந்தால், அது டயரின் குற்றம் அல்லது வீல் பாலன்சின் குற்றம். டிஸ்க்கு மாற்றிப் பயனில்லை. மிதிக்கும்போது மட்டும் வந்து, ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருக்க, இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். அங்கே டிரம் வட்டம் தவறியிருக்கலாம். திடீரென்று அழுத்தி மிதித்தபோது மட்டும் பெடல் கடகடவென்று உதைத்தால் அது நோயே அன்று, ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களிலும் அது கட்டாயம். அப்போது காலை எடுக்காமல் இன்னும் அழுத்துவதே முறை.

ஓட்டிவந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடவேண்டாம். முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலாய்க் காய்ந்தால், காலிப்பரின் பின்கள் துருவேறி இறுகி, பேடு விலகாமல் நிற்கிறதென்று பொருள். அதைச் சரிசெய்யாமல் தட்டு மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். நம் சாலைகளின் குழிகளும் வேகத்தடைகளும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பால் ஜாயிண்ட்டையும் தளர்த்திவிட்டிருந்தால், சிறிய கன வேறுபாடும் பெரிய நடுக்கமாகத் தெரியும். ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் கடந்த வண்டிகளில் இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் கேட்கவேண்டியது அளவு. டயல் கேஜ் என்னும் கருவியைத் தட்டின் முகத்தில் வைத்து, தட்டை நட்டுகளால் இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆட்டம் முள்ளில் தெரிந்துவிடும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் கனத்தை அளக்கவேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கால்மணி நேரம் போதும். இக்கருவிகள் இல்லாத பட்டறையில் டிஸ்க்கு வேலைக்கு வண்டியை விடாதிருப்பது நலம். அளந்தபின் தட்டைக் கழற்றி, ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்று தேய்த்து, மறுபடி மாட்டி மறுபடி அளக்கச் சொல்லவேண்டும். ஆட்டம் இன்னும் மிகுதியாக இருந்தால் தட்டை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம்; ஹப்பின் கோணலும் தட்டின் கோணலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் இடம் சில வேளை அகப்படும். கன்னடம் தடுமாறும் அன்பர்களுக்கு ஒரு வாக்கியம் தருகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "மொதலு ஹப் க்ளீன் மாடி, ஆமேலே டிஸ்க் ஹாகி." முதலில் ஹப்பைத் துப்புரவு செய்யுங்கள், பிறகு டிஸ்க்கைப் போடுங்கள் என்பது பொருள். மரியாதையாகச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் கோபிக்கமாட்டார். கேட்பவர் இல்லாததாலேயே பல இடங்களில் இவ்வேலை விட்டுப்போகிறது.

மாற்றுவதா, லேத்தில் சீவுவதா என்பதற்குத் தட்டே விடை சொல்லும். இதற்குக் கீழே தேயலாகாது என்ற கடைசிக் கனம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். புதுத் தட்டுக்கும் அந்த எல்லைக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்தான். சீவியபின் எல்லைக்கு மேலே போதிய கனம் மிஞ்சுமானால் சீவலாம், கூலி குறைவு. மிஞ்சாதெனில், அல்லது விரிசலோ நீலம் பாய்ந்த புள்ளிகளோ தெரிந்தால், இரு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பேடும் புதியதாக இருக்கட்டும்.

புதிதாக மாட்டியபின் ஆளரவம் குறைந்த சாலையில் ஞாயிறு வைகறையில் ஓட்டி, பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் உறுதிசெய்துகொண்டு, 60 வேகத்திலிருந்து 20 வரை நிதானமாகப் பிரேக்கிட்டுக் குறைக்கவேண்டும். இவ்வாறு எட்டுப் பத்துத் தடவை, இடையே சற்று ஓடவிட்டு. முழுவதும் நிறுத்தலாகாது. பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். படலம் சீராகப் படிவதற்கு இதுவே வழி.

கடைசியாக, பஞ்சர் கடை. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நெடுஞ்சாலையோரத்தில் டயர் மாற்றும் பையன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை முற்றாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறான். நட்டுகளின் இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் ஹப்பும் தட்டும் கோணிக்கொள்ளும். மேலே சொன்ன உரசல் அன்றே தொடங்கிவிடும். வீடு வந்து சேர்ந்ததும், ஜாக்கியில் ஏற்றி நட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிராக ஒவ்வொன்றையும் கையால் திருகி, பிறகு டார்க் ரெஞ்சினால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கவேண்டும். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். ஜே. சி. ரோட்டுக் கடைகளில் டார்க் ரெஞ்சு கிடைக்கும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிவைத்துக்கொண்டாலும் போதும்.